சிகிச்சை முடிந்த பின்: கொழும்பில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் குடும்பத்தினரும் உதவிகளைக் கேட்டுப் பெறும் வழி

கடைசி ரேடியேஷன் முடிந்து, அடுத்த கிளினிக் திகதி மூன்று மாதங்கள் தள்ளி எழுதப்படும் நாளில் பெரும்பாலான குடும்பங்கள் நேர்த்திக்கடனைப் பற்றி நினைக்கின்றனவே தவிர, நாளை ஒரு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று நினைப்பதில்லை. அது இயல்பானதே. பல மாதங்களாக எந்த நாளில் எங்கே வர வேண்டும், எந்த மருந்தை எப்போது குடிக்க வேண்டும் என்பதையெல்லாம் வைத்தியசாலையே சொல்லிவந்தது. அந்தக் குரல் நின்ற சில வாரங்களுக்குள் கை வீங்கத் தொடங்குகிறது, அல்லது வாயைத் திறக்க முடியாமல் போகிறது. வேலை இடத்தில் லீவு முடிகிறது. நோயாளியைப் பார்த்துக்கொண்டவர் முதல் தடவையாகத் தனியே இருந்து அழுகிறார். உறவினர்களோ "எல்லாம் முடிந்துவிட்டதுதானே" என்கிறார்கள்.

கொழும்பில் இவற்றுக்கான உதவிகள் இருக்கின்றன. ஆனால் அவை வைத்தியசாலை, பிரதேச செயலகம், தொண்டு நிறுவனம் என மூன்று திசைகளில் சிதறிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் உள்ளவர் மற்ற இடத்தைப் பற்றித் தாமாகச் சொல்வது அரிது. கேட்பவருக்கே அவை கிடைக்கின்றன. கேட்பதற்குக் கையில் உரிய காகிதம் இருக்க வேண்டும். ஆகவே இந்த வழிகாட்டி கோப்பிலிருந்து தொடங்குகிறது.

கோப்பும் அதற்குப் பொறுப்பான ஒருவரும்

வீட்டில் ஒருவரைக் கோப்புக்குப் பொறுப்பாக்குங்கள். அவர் நோயாளியாகவே இருக்கலாம். உடம்பு இன்னும் தேறாதவராயின் மகளோ தம்பியோ மருமகனோ இருக்கலாம். எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம் என்று விட்டால், தேவைப்படும் நாளில் பயோப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கை எந்த அலுமாரியில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமற் போகும்.

டயக்னோசிஸ் கார்ட் என்று எல்லோரும் சொல்லும் நோய் நிர்ணய அட்டை, பயோப்சி அறிக்கை, சத்திரசிகிச்சைக் குறிப்பு, ஸ்கேன் அறிக்கைகள், கடைசி இரத்தப் பரிசோதனை முடிவுகள், கிளினிக் புத்தகம் ஆகியவை ஒரே உறையில் இருக்கட்டும். மூலப் பிரதிகள் வீட்டிலும், போட்டோப் பிரதிகள் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் பையிலும், ஒவ்வொரு பக்கத்தின் படமும் இரண்டு பேரின் கைப்பேசியிலும் இருப்பது நல்லது.

இரண்டு விபரங்கள் பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றன. ஒன்று, ஏற்றப்பட்ட கீமோ மருந்துகளின் பெயர்களும் ஒவ்வொன்றும் எத்தனை சைக்கிள் (சுற்று) ஏற்றப்பட்டது என்பதும். மற்றது, ரேடியேஷன் உடம்பின் எந்தப் பகுதிக்கு, மொத்தம் எத்தனை கிரே (ரேடியேஷனை அளக்கும் அலகு), எத்தனை நாட்களில் கொடுக்கப்பட்டது என்பது. பல வருடங்கள் கழித்து மூச்சு வாங்குகிறது என்று இருதய வைத்தியரிடம் போகும்போது, முன்பு டொக்சோருபிசின் அல்லது டிராஸ்டுசுமாப் ஏற்றப்பட்டதா என்பதை அவர் அறிய வேண்டியிருக்கும். இரண்டுமே இருதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடியவை. பல் பிடுங்கப் போகும்போது தாடையில் ரேடியேஷன் பட்டதா என்பது பல் வைத்தியருக்குத் தெரிய வேண்டும். இந்த விபரங்களைச் சிகிச்சை முடியும் தறுவாயில், உங்களை அறிந்த வைத்தியரும் தாதியும் அங்கே இருக்கும்போதே, எழுதித் தருமாறு பணிவாகக் கேளுங்கள். ஐந்து வருடம் கழித்துக் கேட்பதைவிட அது எவ்வளவோ எளிது.

இதற்கு மேல், ஒரே பக்கத்தில் ஒரு சுருக்கத்தைத் தமிழில் எழுதி முன்னால் வையுங்கள். மேல் வரியில் பெயர், வயது, கிளினிக் இலக்கம், ஒவ்வாத மருந்துகள். அதன் கீழே, "இடது மார்பில் புற்றுநோய், சத்திரசிகிச்சையில் அக்குள் கணுக்கள் அகற்றப்பட்டன, கீமோ முடிந்தது, ரேடியேஷன் முடிந்தது, தமொக்சிபென் தினம் ஒன்று, தொடங்கிய திகதி இது" என்ற அளவில் நான்கைந்து வரிகள். அதன் கீழே, "இடது கையில் ஊசி போட வேண்டாம், பிரஷர் பார்க்க வேண்டாம்" என்பது போன்ற எச்சரிக்கை. இதன் சிங்கள, ஆங்கிலப் பிரதிகளும் பின்னால் இருந்தால், நள்ளிரவில் 1990 சுவசெரிய அம்புலன்ஸில் ஏறும்போது யாரும் எதையும் நினைவிலிருந்து சொல்ல வேண்டியிராது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அரசியலமைப்பின்படி தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று; அரச வைத்தியசாலையிலும் அலுவலகத்திலும் தமிழில் விளக்கம் கேட்பதற்கு யாரும் தயங்கத் தேவையில்லை. வார்டில் தமிழ் பேசும் தாதியோ வைத்தியரோ இருக்கிறாரா என்று முதலிலேயே விசாரியுங்கள். இல்லையெனில் சிங்களம் நன்கு தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பாடசாலைப் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன். தாயின் நோயைப் பற்றிய கடினமான செய்தியைத் தாயிடம் தன் வாயால் சொல்லும் சுமையை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது.

தொடர் கிளினிக்

மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தொடர் கிளினிக்கும் அங்கேயே அமையும். கோட்டை, புறக்கோட்டைப் பக்கத்திலிருந்து 138ஆம் இலக்க பஸ் ஹைலெவல் வீதி வழியாக மகரகமவுக்குப் போகிறது; வெள்ளவத்தை, பாமன்கடைப் பகுதியினர் கிருலப்பனைக்கு வந்து அதைப் பிடிக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து, கொழும்பில் உறவினர் வீட்டில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள், தொடர் கிளினிக்கைத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ மாற்ற முடியுமா என்று தமது விசேட வைத்திய நிபுணரிடம் கேட்க வேண்டும். கண்டி, பதுளை, அனுராதபுரம், காலி கராப்பிட்டிய ஆகிய இடங்களிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உள்ளன. தூரம் காரணமாகக் கிளினிக்கைத் தவறவிடுவதைவிட, கடிதத்துடன் மாறிக்கொள்வது எல்லா வகையிலும் மேல்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை வர வேண்டும் என்பது நோயைப் பொறுத்தது. மார்பகப் புற்றுநோய்க்கு முதல் மூன்று வருடங்களில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும், அடுத்த இரண்டு வருடங்களில் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒரு முறையும், பின்னர் வருடத்துக்கு ஒரு முறையும் பரிசோதனை, அத்துடன் வருடாந்த மமோகிராம் (மார்பக எக்ஸ்றே) என்பது பொதுவான நடைமுறை. உங்களுக்குரிய ஒழுங்கை உங்கள் வைத்தியர் தீர்மானிப்பார், "எனக்கு அடுத்த இரண்டு வருடத்துக்கு என்னென்ன பரிசோதனை இருக்கிறது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிளினிக்கில் வைத்தியருடன் பேசக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே என்பதால், கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை முதல் நாள் இரவே எழுதி, முக்கியமானதை முதலில் கேளுங்கள்.

கிளினிக் திகதி வரும் வரை காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. கடைசிக் கீமோ ஏற்றி முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் வந்தால், வெள்ளணுக்கள் குறைந்திருக்கக் கூடும் என்பதால், அன்றே, இரவானாலும், வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கொழும்பில் டெங்கும் சேர்ந்திருப்பதால் இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள்: எந்தக் காய்ச்சலுக்கும் வீட்டில் பரசிட்டமோலைத் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். இவற்றைத் தவிர, புதிதாக ஒரு கட்டி, காரணமின்றி எடை குறைதல், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் அல்லது எலும்பு வலி, ஆறாத வாய்ப்புண் ஆகியவை இருந்தால் திகதியை முன்னுக்குக் கொண்டுவரும்படி கேட்க வேண்டும். மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தமொக்சிபென் குடிக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்ற பின் இரத்தம் பட்டால் அதையும் உடனே சொல்ல வேண்டும். அந்த மாத்திரை பொதுவாக ஐந்து வருடமும், சிலருக்குப் பத்து வருடமும் கொடுக்கப்படுவது. "சுகம் வந்துவிட்டது" என்று தாமாக நிறுத்துவோர் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மருந்து கையிருப்பில் இல்லை என்று சொல்லப்பட்டால், மருந்துத் துண்டை எழுதி வாங்கி அரச மருந்தகமான ஒசுசலவில் விசாரியுங்கள்.

கையும் வாயும்

இலங்கைப் பெண்களில் மார்பகப் புற்றுநோயும் ஆண்களில் வாய்ப் புற்றுநோயும் முன்னணியில் இருப்பதால், சிகிச்சைக்குப் பின் அதிகமாக எதிர்ப்படும் இரண்டு சிரமங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இரண்டிலுமே ஆரம்பத்தில் கவனித்தால் பெரும் பகுதியைத் தவிர்க்கலாம்.

அக்குள் கணுக்கள் அகற்றப்பட்ட அல்லது அங்கே ரேடியேஷன் பெற்ற கையில் நிணநீர் தேங்கி வீக்கம் வரலாம். அது சத்திரசிகிச்சை முடிந்த மறுமாதமே வர வேண்டும் என்றில்லை. சில வருடங்கள் கழித்தும் வரும். வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே அடையாளங்கள் இருக்கும்: மோதிரம் இறுகும், காப்பு கழற்ற வராது, சட்டைக் கை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும், மாலையில் கை கனக்கும். தையற்காரரின் அளவு நாடா ஒன்றை வாங்கி, மாதம் ஒரு முறை இரண்டு கைகளையும் மணிக்கட்டிலும், முழங்கைக்கு 10 சென்ரிமீற்றர் கீழும் மேலும் அளந்து கோப்பில் எழுதிவையுங்கள். முன்பிருந்ததைவிட, அல்லது மற்றக் கையைவிட, 2 சென்ரிமீற்றர் கூடினால் அடுத்த கிளினிக்குக்குக் காத்திராமல் பிசியோதெரபிப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அங்கே மெதுவான பிசைதல், அடுக்குக் கட்டு, அழுத்தக் கையுறை, பயிற்சி ஆகியவற்றால் வீக்கத்தைக் குறைப்பார்கள். அந்தப் பயிற்சியை வீட்டில் செய்வதற்கும் கற்றுக்கொடுப்பார்கள். கடையில் அளவு பாராமல் அழுத்தக் கையுறை வாங்கிப் போட வேண்டாம். தவறான அளவு தீங்கு செய்யும்.

அந்தக் கையைக் காப்பது சமையலறையில்தான் தொடங்குகிறது. மீன் வெட்டும்போதும் பாத்திரம் கழுவும்போதும் இறப்பர் கையுறை போடுங்கள். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை மற்றக் கையால் கையாளுங்கள். சிறு கீறலானாலும் கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அது தொற்று. அன்றே அன்டிபயொட்டிக் தொடங்க வேண்டும். ஆனால் காப்பதற்காக என்று கையை எப்போதும் அசைக்காமல் வைத்திருக்க வேண்டாம். தலை வாருவதும், கொடியில் துணி காயப்போடுவதும், மெல்ல மெல்லப் பாரத்தைக் கூட்டுவதும் நன்மையே தரும்.

வாயிலும் கழுத்திலும் ரேடியேஷன் பெற்றவர்களுக்குத் தாடைத் தசைகள் இறுகிப்போகும். தினமும் காலையில் கண்ணாடியின் முன் நின்று தமது மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பார்க்கட்டும். மூன்றும் நுழைந்தால் நல்லது. இரண்டுதான் நுழைகிறது என்றால் இறுக்கம் தொடங்கிவிட்டது, உடனே சொல்ல வேண்டும். பிசியோதெரபிஸ்டோ பேச்சு சிகிச்சையாளரோ காட்டித்தரும் வாய் திறக்கும் பயிற்சியை ஒரு நாளில் பல முறை, பல மாதங்களுக்குச் செய்ய வேண்டியிருக்கும். விழுங்கும்போது புரைக்கேறினால், அல்லது குரல் மாறினால், அதற்கும் பேச்சு சிகிச்சையாளரே உரியவர். அவர் பேச்சுக்கு மட்டுமானவர் என்று எண்ணிப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

உமிழ்நீர் குறைவதால் பற்கள் வேகமாகச் சூத்தையாகும். புளோரைட் பற்பசை, அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் பரிசோதனை ஆகியவை தவறக் கூடாது. ரேடியேஷன் பட்ட தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் அபாயம் வாழ்நாள் முழுவதும் உண்டு. ஆகவே தெருமுனைப் பல் வைத்தியரிடம் வலியோடு போய் அமர்வதற்கு முன், கொழும்பு 7, வோர்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலையிலோ உங்களுக்குச் சத்திரசிகிச்சை செய்த பிரிவிலோ ஆலோசனை பெறுங்கள். கழுத்தில் ரேடியேஷன் பட்டவர்களுக்குத் தைரொயிட் சுரப்பும் குறையலாம்; ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒரு முறை அதற்கான இரத்தப் பரிசோதனை கேளுங்கள். வெற்றிலை போடுவதைப் பற்றி நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. புகையிலையை எடுத்துவிட்டுப் பாக்கை மட்டும் மெல்லலாம் என்பது தவறு. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள். வீட்டில் மற்றவர்கள் வெற்றிலைத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒருவரை மட்டும் விடச் சொல்வது நடக்காத காரியம். வீடே அதை விட வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வயிற்றில் மலப்பை வைத்திருப்பவர்கள், சத்திரசிகிச்சை செய்த வார்டில் அதற்குப் பழக்கமான தாதியை அறிந்து, பையைச் சுற்றித் தோல் புண்ணானால் அவரிடமே காட்ட வேண்டும். எலும்புப் புற்றுநோயால் காலை இழந்தவர்களுக்கு, 1831இல் தொடங்கப்பட்ட கொழும்பு பிரண்ட்-இன்-நீட் சங்கம் ஜெய்ப்பூர் கால் என்னும் செயற்கைக் காலைப் பொருத்தித் தருகிறது. பொருத்திய பின் நடக்கப் பழகும் பயிற்சிக்கு ராகம புனர்வாழ்வு வைத்தியசாலையும் உண்டு. ஓய்வெடுத்தும் தீராத களைப்பு ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். அதற்கு இரத்தச் சோகையோ தைரொயிட் குறைபாடோ காரணமா என்று பார்த்த பின், மிகச் சிறந்த மருந்து நடைதான். மரைன் டிரைவ் ஓரமாகவோ விகாரமகாதேவி பூங்காவிலோ முதல் வாரம் பத்து நிமிடம், பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டி, வாரத்துக்கு 150 நிமிடம் என்ற அளவை நோக்கிப் போகலாம்.

உணவு பற்றி அயலவர் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வர். சீனி சாப்பிட்டால் திரும்ப வரும், கோழி கூடாது, முட்டை கூடாது என்று ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால், சத்திரசிகிச்சையிலிருந்து தேறிவரும் உடம்புக்குப் புரதமே கிடைக்காது. மீன், முட்டை, பருப்பு, கடலை, முருங்கையிலை, குரக்கன், இடியப்பத்துக்குப் பாற்சொதி என வீட்டுச் சாப்பாடே போதுமானது. அன்னமுன்னா இலைக் கசாயமோ வேறு நாட்டு மருந்தோ குடிப்பதாயின் அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்; சில மூலிகைகள் மாத்திரைகளின் வேலையைக் கெடுக்கும்.

மனம்

சிகிச்சைக் காலத்தில் திடமாக இருந்தவர்கள் சிகிச்சை முடிந்த பின்னரே உடைந்துபோவது மிகவும் சாதாரணம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்திய வாரம் நித்திரை வராது. முதுகில் சிறு வலி வந்தாலும் திரும்ப வந்துவிட்டதோ என்ற பயம் வரும். இது பலவீனமோ நம்பிக்கைக் குறைவோ இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் ஆர்வமின்றி, சாப்பாடும் நித்திரையும் கெட்டு, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் வந்தால் அது சிகிச்சை வேண்டிய நிலை.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம். 1333 என்ற கட்டணமற்ற இலக்கத்திலும் ஆலோசகர்கள் பேசுவார்கள். எடுத்தவுடன் "தமிழில் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். கொழும்பு 7, ஹோர்ட்டன் பிளேஸில் இயங்கும் சுமித்ரயோ 1974 முதல் பேச வருவோரின் சொற்களை இரகசியம் காத்துக் கேட்டுவரும் தொண்டு அமைப்பு. மதமோ அறிவுரையோ கலக்காமல் கேட்பார்கள். அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுக்குக் கிளினிக்கிலிருந்தே கடிதம் பெறலாம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பகுதியினருக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை அருகில் உள்ளது.

கணவன் மனைவிக்கிடையே பேசப்படாமல் கிடக்கும் விடயம் ஒன்று உண்டு. மார்பகம் அகற்றப்பட்ட பின், அல்லது கருப்பைச் சிகிச்சைக்குப் பின், தாம்பத்தியம் எப்படி இருக்கும் என்று பெண் கேட்க வெட்கப்படுகிறார். கணவனோ, தான் தொட்டால் அவருக்கு வலிக்குமோ என்று பயந்து விலகியிருக்கிறார். அந்த விலகலை மனைவி வெறுப்பு என்று எடுத்துக்கொள்கிறார். இதை ஒரு பெண் வைத்தியரிடமோ தாதியிடமோ தனியே கேட்கலாம். வறட்சி, வலி ஆகியவற்றுக்கு மருந்தும் வழியும் உண்டு. இனிப் பிள்ளை பெறலாமா, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

பார்த்துக்கொண்டவரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவர் தன் பிரஷர் மாத்திரையை மறந்து, தன் வேலையை இழந்து, தன் தூக்கத்தைக் கொடுத்து இந்த மாதங்களைக் கடத்தியவர். "அக்காவுக்கு எப்படி?" என்று கேட்கும் எவரும் "உங்களுக்கு எப்படி?" என்று அவரைக் கேட்பதில்லை. மேலே சொன்ன இலக்கங்கள் அவருக்கும் உரியவையே. உறவினருள் ஒருவர் வாரத்தில் ஒரு பிற்பகல் வந்து இருந்தால் அவர் வெளியே போய்வரலாம். "ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள்" என்பதைவிட, "வியாழக்கிழமை இரண்டு மணிக்கு வருகிறேன்" என்பது உண்மையான உதவி.

பணமும் வேலையும்

கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு தொடங்குங்கள். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மருதானைப் பகுதிகள் கொழும்புப் பிரதேச செயலகத்துக்கும், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கிருலப்பனைப் பகுதிகள் திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகத்துக்கும் உரியவை. அங்கே சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, நோயாளர் உதவிப் பணம், மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு, அஸ்வெசும ஆகியவற்றில் எதற்குத் தகுதி உண்டு என்று கேளுங்கள். டயக்னோசிஸ் கார்ட், தேசிய அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், வருமானச் சான்று ஆகியவற்றின் பிரதிகளை முன்கூட்டியே கொண்டுபோனால் ஒரு நடை மிச்சமாகும். விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதற்குத் திகதியிட்ட துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு சத்திரசிகிச்சையோ விலை கூடிய மருந்தோ வரவிருந்தால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம். 2025 பெப்ரவரி முதல் அந்த விண்ணப்பங்கள் பிரதேச செயலகங்களிலும் ஏற்கப்படுகின்றன. செலவு முடிந்த பின் பற்றுச்சீட்டோடு போவதைவிட, மதிப்பீட்டைப் பெற்று முன்கூட்டியே விண்ணப்பிப்பதே நல்லது. அரச ஊழியர்கள் அக்ரஹார காப்புறுதியில் என்ன கோரலாம் என்பதைத் தமது நிறுவனக் கிளையில் விசாரிக்க வேண்டும்.

தனியார் துறையில் வேலை செய்பவருக்கு ஊழியர் சேமலாப நிதியம் பெரிய துணை. பத்து வருடத்துக்குக் குறையாமல் பங்களிப்புச் செய்து, கணக்கில் மூன்று இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் இருப்பவர், வேலையில் இருக்கும்போதே, சிகிச்சைத் தேவைக்காக மீதியின் 30 வீதம் வரை பெற விண்ணப்பிக்கலாம். இனி வேலை செய்யவே முடியாத அளவுக்கு நிரந்தர இயலாமை என வைத்தியச் சான்று கிடைத்தால், வயதைப் பாராமல் முழுத் தொகையையும் கோரலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். அந்தப் பணம் முதுமைக்குரியது. எடுப்பதற்கு முன் மற்ற எல்லா வழிகளையும் பாருங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது முதலாளியிடம் நோயின் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. எதைச் செய்ய முடியும், எதைச் சில மாதங்களுக்குச் செய்ய முடியாது, எந்த நாட்களில் கிளினிக் என்பதை வைத்தியரின் கடிதத்தோடு எழுத்தில் கொடுங்கள். முதல் இரண்டு மாதம் அரைநாள் வேலை கேட்பது நியாயமான கோரிக்கை. கேட்காமலே இராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் அநேகர். உடம்பு தேறும் முன் அத்தகைய முடிவை எடுக்காதிருப்பதே நலம்.

தொண்டு நிறுவனங்கள்

1948இல் தொடங்கப்பட்ட இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் கொழும்பு 7, புல்லர்ஸ் லேனில் இயங்குகிறது; மகரகமவில் சாந்த செவன என்ற பராமரிப்பு இல்லத்தையும் அது நடத்துகிறது. வெளி மாவட்டங்களிலிருந்து சிகிச்சைக்கோ கிளினிக்குக்கோ வருவோர் உடன் வருபவரோடு தங்குவதற்கு மகரகமவில் சிசிசி இல்லம் உண்டு. மலையகத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வரும் உறவினருக்கு, வாடகை அறை தேடும் முன், இதை விசாரித்துச் சொல்லுங்கள். முடி உதிர்ந்த பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் தானமாகப் பெறும் கூந்தலில் விக் செய்து கொடுக்கும் பணியை இந்திரா புற்றுநோய் அறக்கட்டளை செய்கிறது. சிறுவர்களுக்கும் பெற்றோருக்குமான சுவ அரண என்ற நிலையமும் மகரகமவில் அதன் பணியே.

பிள்ளைக்கு நோய் வந்து தேறிய குடும்பம், பாடசாலைக்குத் திரும்பும் முன் அதிபரையும் வகுப்பாசிரியரையும் நேரில் கண்டு பேச வேண்டும். இது தொற்றும் நோயல்ல என்பதை ஆசிரியர் வகுப்பில் ஒரு முறை சொன்னால் போதும், பிள்ளையின் பாதிப் பயம் போய்விடும். வளர்ச்சி, கற்றல், செவிப்புலன், இருதயம் ஆகியவற்றில் பின்விளைவு பல வருடம் கழித்தும் தெரியலாம் என்பதால், பிள்ளை வளர்ந்து பெரியவரான பின்னும் கோப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். நோயுற்ற பிள்ளையின் தமையனோ தங்கையோ இந்தக் காலம் முழுவதும் பாட்டி வீட்டில் இருந்திருப்பர். அவர்களுக்கும் நேரம் கொடுங்கள்.

நோய் திரும்பினால், அல்லது வலி தீராமல் இருந்தால், வலி தணிப்புப் பராமரிப்பைக் கேட்கத் தயங்க வேண்டாம். அது கைவிடப்பட்டவர்களுக்கானது என்ற எண்ணம் தவறு. சிகிச்சையோடு சேர்த்தே அதைக் கொடுக்கலாம். வைத்தியர் தரும் அளவில் மோர்பின் குடிப்பதால் ஒருவர் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்ற பயத்தில் வலியைத் தாங்கச் சொல்வது கொடுமை.

குடும்பத்தின் மற்றவர்கள்

"எனக்கும் வருமா?" என்று சகோதரியும் மகளும் மனத்துக்குள் கேட்டுக்கொண்டேயிருப்பர். பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருவனவல்ல. ஆனால் குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு மார்பகம் அல்லது சூலகப் புற்றுநோய், அல்லது ஒருவருக்கு மிக இளவயதில் நோய் வந்திருந்தால், மரபணு ஆலோசனை பெறுவது தகும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு அதற்குரிய இடம். பரிசோதனையை முதலில் செய்ய வேண்டியவர் நோய் வந்தவர். அவருடைய முடிவு தெரிந்த பின்னரே மற்றவர்களுக்குச் செய்வதில் பொருளுண்டு. பணம் கட்டும் முன் இதை ஆலோசகரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மற்றப் பெண்களுக்கு, அருகிலுள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகப் பரிசோதனையும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் இலவசம். 35 வயதுப் பெண்களையும் 45 வயதுப் பெண்களையும் அங்கே குறிப்பாக அழைக்கிறார்கள். எந்த நாளில் நடக்கிறது என்பதை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் சொல்வார். தேசிய புற்றுநோய் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் ஆரம்ப நிலைக் கண்டறிதல் நிலையம் நாரஹேன்பிட்டி, எல்விட்டிகல மாவத்தையில் உள்ளது. ஆண்களும் தமது வாயை அங்கே காட்டலாம். போகும்போது கோப்பிலிருந்து நோய் வந்தவரின் பயோப்சி அறிக்கையின் பிரதி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். குடும்ப வரலாற்றை வைத்தியர் கேட்பார்.